இரவு உறைந்ததா? ஆல்ப்ஸ் வசந்தப் பனியில் ஸ்கீ டூர் போகுமுன் பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கும் முறை

சுவிஸ் ஆல்ப்ஸில் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை ஒரே மலைமுகம் ஒரே நாளில் மூன்று வேடம் போடும். காலை ஏழு மணிக்கு அது சிமெண்ட் தரை. ஒன்பதரைக்கு மேலே இரண்டு செ.மீ. மட்டும் இளகி, ஸ்கீ வெண்ணெயில் கத்தி போல ஓடும்; இதைத்தான் ஃபிர்ன் என்கிறார்கள், வசந்தத்தில் மலையேறுவதே இதற்காகத்தான். பகல் ஒரு மணிக்கு அதே இடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை கூழில் இறங்கும். சாய்வு முழுவதும் கிளம்பி வரவும் வாய்ப்புண்டு. குளிர்காலத்தில் "இந்தச் சாய்வு பாதுகாப்பா?" என்று கேட்கிறோம். வசந்தத்தில் அந்தக் கேள்வி அரைகுறை. "எத்தனை மணி வரை?" என்பதையும் சேர்த்தால்தான் பதில் கிடைக்கும். அந்த மணி எது என்பதைப் பெரும்பாலும் முந்தைய இரவே தீர்மானித்துவிடுகிறது.

லிஃப்டும் பராமரிக்கப்பட்ட தடமும் இல்லாத மலையில், ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டி ஏறி, அதைக் கழற்றிவிட்டு இறங்குபவர்களுக்கான வழிகாட்டி இது. சுவிட்சர்லாந்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பனிமுகாமிலேயே ஸ்கீ கற்றுக்கொள்கிறார்கள். தடத்தை விட்டு வெளியே போகும் ஆசை அடுத்த கட்டமாக வருவது இயல்பு. இதைப் படித்தால் மட்டும் போதாது. பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி) தேடுதலையும் சாய்வு கணிப்பையும் கைப்பழக்கமாக்க ஒரு பனிச்சரிவுப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

குழப்பம் வராமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: கீழே "பனிச்சரிவு" என்றால் சரிந்து வரும் பனி, "சாய்வு" என்றால் மலையின் முகம்.

பனிக்குள் நடப்பது என்ன

குளிர்காலப் பனி உலர்ந்தது, அடுக்கடுக்கானது, 0 டிகிரிக்குக் கீழே இருப்பது. வெயில் ஏறும்போது மேற்பரப்பு உருகி நீர் உள்ளே இறங்குகிறது. அது போகிற வழியிலுள்ள பனியைச் சூடாக்கி, கடைசியில் மேலிருந்து தரை வரை எல்லாமே 0 டிகிரியில் நிற்கும். அதன்பின் உள்ளே வரும் வெப்பத்துக்குச் சூடாக்கும் வேலை கிடையாது. உருக்கும் வேலை மட்டுமே.

நீர் கொஞ்சமாக இருந்தால் பனியை ஒட்ட வைக்கும். கடற்கரையில் ஈர மணலில் வீடு கட்டலாம், தண்ணீரை ஊற்றினால் அது சரிந்துவிடும், பனியும் அப்படியே. கன அளவில் 3 சதவீதத்துக்குக் குறைந்த நீர் உள்ள பனி ஈரப்பதமானது, உருட்டினால் நன்றாகப் பந்தாகும். 3 முதல் 8 சதவீதம் என்றால் ஈரமானது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் பனிமணிகளுக்கிடையே நீர் தெரியும், ஆனால் பிழிந்தால் சொட்டாது. 8-ஐத் தாண்டினால் கையால் அழுத்தும்போதே நீர் வடியும். மணிகளுக்கிடையே பிடிப்பு அநேகமாக இல்லை. 15-க்கு மேல் அது கூழ். கையுறையோடு பிழிந்து பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஐந்து வினாடி போதும். செலவில்லாத சோதனைகளில் வசந்தத்துக்கு இதைவிடப் பயனுள்ளது எங்களுக்குத் தெரியாது.

பகலில் உருகி இரவில் உறைவது பல நாள் தொடர்ந்தால் மணிகள் பெரிதாகி உருண்டையாகும்; நீருக்கு வடிகால் பாதைகள் உண்டாகும்; இரவில் எல்லாம் இறுகி ஒரே பாளமாகும். நல்ல ஃபிர்ன் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு வெயில் நாளில் அது வந்துவிடாது.

மூன்று விதமாகச் சரியும்

ஈர உதிர்சரிவு ஒரு புள்ளியில் தொடங்கிக் கவிழ்த்த வி வடிவில் விரியும். பாறையருகே, 40 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில், வெயில் பட்டதும் வரும். வேகம் குறைவு, எடை அதிகம். நின்ற பனி ஒரு கனமீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். ஆளைப் புதைக்காவிட்டாலும் பாறைவிளிம்புக்குத் தள்ளிவிட்டுப் போகும்.

ஈரப் பலகைச்சரிவுதான் உண்மையிலேயே அஞ்ச வேண்டியது. வாலே மாநிலத்தின் தெற்கிலும் கிராவ்புண்டனிலும், ஆல்ப்ஸின் உட்பகுதிகளில், குளிர்காலத் தொடக்கப் பனி மெல்லியதாகக் கிடந்து அடியில் ரவை போல உதிரும் மணிகளாக மாறியிருக்கும். ஜனவரி, பிப்ரவரிப் பனி அதன்மேல் கனமான பலகையாக உட்கார்ந்திருக்கும். வசந்தத்தில் முதன்முறையாக நீர் அந்த ரவை அடுக்கை எட்டும் நாட்களில், இருக்கும் கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போய், சாய்வு முழுவதும் தரையோடு பெயர்ந்து வரும். மேலே நுண்மணி, கீழே பெருமணி என்றிருக்கும் எல்லையில் நீர் உடனே கீழிறங்காமல் தேங்குவதும் இதற்குத் துணைபோகிறது. கவனிக்க வேண்டியது அந்த "முதன்முறை". நீர் ஒருமுறை வழிந்தோடி, சில இரவுகள் நன்றாக உறைந்துவிட்டால் அதே சாய்வு பெருமளவு அடங்கிவிடும். மே மாதத்தில் கெட்டிப்பட்ட ஒரு தெற்குச் சாய்வு ஏப்ரல் தொடக்கத்தில் இருந்ததைவிட நம்பகமாக இருப்பதும், அதே மே மாதத்தில் வடக்கு பார்த்த சாய்வு அப்போதுதான் முதல் நீரைக் காண்பதும் இதனால்தான்.

மூன்றாவது வழுக்குச்சரிவு. புல்தரை அல்லது வழுவழுப்பான பாறைமேல் பனிமூட்டை முழுதாக நழுவும். முதலில் மேலே வாய் பிளந்தாற்போல் ஒரு விரிசல் தெரியும். ஜெர்மன் பேசும் மலைவாசிகள் அதை மீன்வாய் என்றே அழைக்கிறார்கள். இது கடிகாரத்துக்குக் கட்டுப்படாது: இரவு இரண்டு மணிக்கும் விழும், விரிசல் திறந்தபடியே பல வாரம் நின்றும் இருக்கும். ஆள் ஏறியதால் விழுவது அரிது என்பதால் சோதனை எதுவும் உதவாது. மீன்வாய்க்குக் கீழே நிற்காதீர்கள், உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராக, விரைவாக.

முதல் படி: முந்தைய மாலை, வரைபடத்தோடு

டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப் பனி ஆய்வு நிறுவனம் பருவகாலத்தில் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. முழுக் குளிர்காலத்தில் காலை 8 மணிக்குப் புதுப்பித்தலும் உண்டு. வசந்த டூருக்குக் காலை எட்டு மணி அறிக்கை பெரும்பாலும் உதவாது, அந்நேரம் நீங்கள் பாதி மலையில் இருப்பீர்கள். மாலை அறிக்கையை முழுதாகப் படியுங்கள். ஒயிட் ரிஸ்க் செயலியில் அது ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் கிடைக்கும்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் வசந்தத்தில் ஆளைக் கவிழ்க்கும். ஐந்து படிநிலை அளவில் உலர்பனிக்கு 2, ஈரப்பனிக்குப் பகலில் 3 என்று இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் வரலாம். டிரோல், தென் டிரோல், டிரென்டினோ மூன்றும் சேர்ந்து வெளியிடும் அறிக்கையில் தேவைப்படும் நாட்களில் முற்பகலுக்கு ஒரு வரைபடம், பிற்பகலுக்கு இன்னொன்று இருக்கும். காலைப் படத்தின் பச்சை நாள் முழுவதுக்குமான உத்தரவாதம் ஆகாது. அறிக்கையிலிருந்து ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்தத் திசை பார்த்த சாய்வு, எந்த உயரத்துக்குக் கீழே அல்லது மேலே, என்ன வகைச் சரிவு, பலவீனமான பழைய அடுக்கு பற்றிய பேச்சு உண்டா, இரவு வானம் பற்றி என்ன சொல்கிறார்கள். மே மாதத்தில் அறிக்கை நாள்தோறும் வராது. அறிக்கை வரவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து வரைபடம். சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில் சாய்வு அடுக்கை இயக்கினால் 30 முதல் 35 டிகிரி மஞ்சள், 35 முதல் 40 ஆரஞ்சு, 40 முதல் 45 சிவப்பு, அதற்கு மேல் ஊதா. தாள் வரைபடமென்றால், 1:25,000 அளவில் 20 மீட்டர் உயரக்கோடுகளுக்கிடையே 1.4 மி.மீ. இருந்தால் 30 டிகிரி. கோடுகள் அதைவிட நெருங்கினால் சாய்வு அதைவிடச் செங்குத்து. பலர் தங்கள் தடத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். வசந்தத்தில் தடத்துக்கு மேலே தொங்குவதையும் பார்த்தாக வேண்டும்: நீங்கள் 20 டிகிரிப் பள்ளத்தாக்கில் நடந்தாலும், 500 மீட்டர் மேலே கிழக்கு பார்த்த 42 டிகிரிப் பாறைமுகம் காலை வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும்.

ஒரே மலையில் மூன்று பருவம் இருக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் 2,800 மீட்டருக்கு மேலே வடக்கு பார்த்த சாய்வில் இன்னும் குளிர்காலம்: உலர்பனி, காற்று குவித்த பலகை, குளிர்கால விதிகள். தெற்கில் முற்றிய வசந்தம். 1,800 மீட்டருக்குக் கீழே இரவில் உறையாத சேறு. உச்சியில் அருமையான ஃபிர்ன் கிடைத்ததென்று மகிழ்ந்து இறங்கியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பட்டையில்தான், ஆல்டர் புதர்களுக்கு நடுவே, இடுப்பளவு ஈரப்பனியில்.

இரண்டாம் படி: இரவைக் கணிப்பது

"0 டிகிரி உயரம் 3,000 மீட்டர், நாம் 2,600-இல்தான் இருக்கிறோம், உறையாது" என்று வானிலைச் செயலியை வைத்து முடிவு கட்டுவது பாதி தவறு. பனி மேற்பரப்பின் வெப்பம் காற்றின் வெப்பம் அல்ல. மேகமற்ற, வறண்ட இரவில் பனி தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பு காற்றைவிட 5 முதல் 10 டிகிரி வரை குளிரும். காற்று பிளஸ் 3 டிகிரியில் இருந்தும் காலையில் நல்ல பொருக்கு (உறைந்த மேலோடு) கிடைப்பது இப்படித்தான். இதற்கு நேர்மாறாக, காற்று 0 டிகிரியை ஒட்டி நின்றாலும் வானில் மேகப் போர்வை இருந்தால் வெப்பம் திரும்பி வந்துவிடும். பொருக்கு முட்டையோடு கனத்தில் நிற்கும், அல்லது உண்டாகவே உண்டாகாது.

ஆக இரவுக்கு மூன்று கேள்விகள்: வானம் தெளிந்திருந்ததா, எத்தனை மணி நேரம்? காற்று வறண்டதா? மிதமான, ஈரமான தென்காற்று வீசியதா? மாலை முழுவதும் தெளிவாக இருந்து அதிகாலை இரண்டு மணிக்கு மேகம் மூடினால், பொருக்கு இருக்கும், ஆனால் மெல்லியதாக. வெளியே வந்து வானத்தைப் பார்க்காமல் போவதற்குச் சாக்கே இல்லை. கழிவறைக்குப் போக எழும்போது நட்சத்திரம் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், மலைக்குடில்களில் எப்படியும் வெளியே போக வேண்டியிருக்கும்.

எண்ணாகப் பார்க்க விரும்பினால் ஐமிஸ் எனப்படும் தானியங்கி அளவை நிலையங்கள் இருக்கின்றன. ஆல்ப்ஸின் சுவிஸ் பகுதி முழுக்கப் பரவியிருக்கும் இவை அரைமணிக்கு ஒருமுறை பனியாழம், காற்று வெப்பம், காற்று வேகம், பனி மேற்பரப்பு வெப்பம் ஆகியவற்றை அனுப்புகின்றன. பனி மேற்பரப்பு வெப்பக் கோடு இரவு எத்தனை மணிக்கு 0-க்குக் கீழே இறங்கியது, எவ்வளவு ஆழம் போனது, காலையில் எப்போது மீண்டும் 0-ஐத் தொட்டது என்று பாருங்கள். இரவு 8 மணிக்கே இறங்கி மைனஸ் 8 வரை போயிருந்தால் பகலில் நேரம் தாராளம். நள்ளிரவுக்குப் பின் மைனஸ் 1 வரை மட்டும் தொட்டிருந்தால் அன்றைய திட்டத்தைப் பாதியாக்குங்கள்.

இரவு நன்றாக இருந்தும் கணக்கைக் குலைப்பவை சில. சஹாராத் தூசு அதிலொன்று: 2021 பிப்ரவரி 6 அன்று ஆல்ப்ஸ் முழுவதும் மஞ்சள்பழுப்பு நிறமானது பலருக்கு நினைவிருக்கும். புதுப்பனி வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தூசு படிந்த பழைய பனி அதைவிட மிகக் குறைவாகவே அனுப்பும். புதைந்து கிடந்த தூசு அடுக்கு ஏப்ரலில் வெளியே தலைகாட்டினால் அந்தச் சாய்வு பக்கத்துச் சாய்வைவிட முன்னதாக இளகும். மெல்லிய உயர்மேகம் மூடிய புழுக்கமான பகலும் ஏமாற்றும்: சூரியன் மங்கலாகத் தெரிவதால் குளிர்ச்சி என்று நினைப்போம், ஆனால் மேகத்திலிருந்து வரும் வெப்பம் வடக்கு பார்த்த சாய்வையும் சேர்த்தே நனைக்கும். மழையைப் பற்றி விவாதமே வேண்டாம். பனிமேல் மழை பெய்தால் அன்று டூர் கிடையாது.

மூன்றாம் படி: கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுவது

புறப்படும் நேரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். எந்தச் சாய்வை எத்தனை மணிக்குள் விட்டு வெளியேற வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

நன்றாக உறைந்த இரவுக்குப்பின், ஏப்ரல் நடுவில், கோடைக்கால நேரப்படி டாவோஸ் பக்கம் சூரியன் ஆறரை மணியளவில் உதிக்கும். கிழக்கு பார்த்த சாய்வில் ஃபிர்ன் ஒன்பதிலிருந்து பத்து வரை. தெற்கில் பத்தரையிலிருந்து பதினொன்றரை. மேற்கில் நண்பகலுக்குப் பிறகு. இவை தோராயமே. மே கடைசியில் எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னகரும். சாய்வு செங்குத்தாக இருந்தால் சூரியக் கதிர் நேராக விழுந்து முன்னதாகவே இளகும். காற்று வீசினால் தாமதமாகும்.

ஏறும் நேரத்துக்குச் சுவிஸ் மலையேறிகளின் கணக்கு எளிது: கிடைத்தூரம் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு அலகு, உயரம் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு அலகு. மொத்தத்தை ஏறும்போது 4-ஆல் வகுங்கள், ஸ்கீயில் இறங்கும்போது 10-ஆல். ஓர் எடுத்துக்காட்டு: 4.5 கி.மீ., 1,100 மீட்டர் ஏற்றம். 4.5-ஐயும் 11-ஐயும் கூட்டினால் 15.5, நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 3 மணி 55 நிமிடம். ஓய்வு, ஸ்கின் சரிசெய்தல், உடை மாற்றம் என்று 35 நிமிடம் சேர்த்தால் நாலரை மணி நேரம். கிழக்குச் சாய்வில் 9 மணிக்கு இறங்கத் தொடங்க வேண்டுமென்றால் 4:30-க்கு ஸ்கீ நகர வேண்டும். இறங்க ஒன்றரை மணி. 10:30-க்கு பள்ளத்தாக்கின் வாயில். அந்த வாயில் மேற்குப் பாறைக்கு அடியில் இருந்தால் நிம்மதி. தெற்குப் பாறைக்கு அடியில் இருந்தால், அதற்குள் மேலே வெயில் மூன்று மணி நேரம் அடித்திருக்கும். புறப்பாட்டை 4 மணிக்கு மாற்றுங்கள், அல்லது வேறு மலை.

அரைமணித் தாமதம் குளிர்காலத்தில் சூப் ஆறுவதோடு முடியும். வசந்தத்தில் அதற்கு வேறு விலை. ஆகவே புறப்படும் முன்னே ஒரு திரும்பும் நேரத்தைக் குழு முழுவதும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்: "எட்டேமுக்காலுக்கு எங்கே நின்றாலும் ஸ்கின்னைக் கழற்றுவோம்." உச்சி ஐம்பது மீட்டர் தொலைவில் தெரிந்தாலும் அது மாறக்கூடாது.

மிக முன்னதாகப் போய்விடுவதிலும் தவறு உண்டு. இன்னும் இளகாத 38 டிகிரிச் சிமெண்டில் ஒருவர் விழுந்தால் கீழே எதாவது தடுக்கும் வரை நிற்கமாட்டார். உச்சியில் காத்திருந்து, ஸ்கீ முனையால் தட்டிப் பார்த்து, விளிம்பு பிடிக்கும் வேளையில் இறங்குவது நல்லது. ஏறும்போது ஸ்கீயின் கீழ் மாட்டும் இரும்புப் பற்களும், காலணியில் கட்டும் கிராம்பானும் பையில் இல்லாமல் வசந்தத்தில் கிளம்பாதீர்கள்.

நான்காம் படி: காலையில் பொருக்கைச் சோதிப்பது

குடிலை விட்டு வெளியே வந்து பத்தடிக்குள் முதல் சோதனையைச் செய்யலாம். ஸ்கீ போடாமல், காலணியோடு, இரு கால் எடையையும் ஒரே காலில் வைத்து நில்லுங்கள். தடம் மட்டும் பதிந்தால் உறைவு நன்று. உடைந்து கணுக்கால் வரை போனால் பொருக்கு மெல்லியது, நேரம் குறைவு. முழங்காலை நோக்கி இறங்கினால் அடியில் ஈரம் அப்படியே இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலே உள்ளதையும் அதற்கு அடியில் உள்ளதையும் இன்று விட்டுவிடுங்கள்.

பிறகு ஷவலால் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பொருக்கின் கனத்தைப் பாருங்கள். ஐந்து செ.மீ. ஸ்கீ போட்டவரைத் தாங்கும், பத்து செ.மீ. நடப்பவரையும் தாங்கும். அதன் கீழே உள்ளதைப் பிழியுங்கள். கீழே நீர் வடியும் பனியும் மேலே மெல்லிய ஓடும் இருந்தால், அந்த ஓடுதான் சாய்வைக் கட்டிவைத்திருக்கிறது. அது இளகும் மணியே உங்கள் கெடு. குடில் 2,400 மீட்டரில் இருந்தால் அங்கே கிடைத்த பதில் 1,900-க்குப் பொருந்தாது என்பதையும் மறக்காதீர்கள். சோதனையை ஒவ்வொரு 200 மீட்டர் உயரத்திலும், திசை மாறும் ஒவ்வொரு முகட்டிலும் திரும்பச் செய்யுங்கள். ஸ்கீக் கோலைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினால் அடுக்குகளின் கெட்டியும் இளக்கமும் கையில் தெரியும். கெட்டியான மேல்பகுதிக்குக் கீழே கோல் திடீரென்று எதிர்ப்பின்றி இறங்கினால் நின்று யோசியுங்கள்.

சாய்வின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பகமற்றது. இரண்டு சம நீளக் கோல்கள் போதும். ஒன்றைச் சாய்வின் போக்கிலேயே பனியில் படுக்க வைத்து அதன் அச்சைப் பதியுங்கள். மேல்முனையை அங்கேயே வைத்துக்கொண்டு கீழ்முனையைத் தூக்குங்கள். தூக்கிய முனையிலிருந்து இரண்டாவது கோலைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் நுனி அச்சின் கீழ்முனையையே தொட்டால் சாய்வு 30 டிகிரி. அதற்குக் கீழே தொட்டால் அதைவிடச் செங்குத்து. ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 3 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த பலகைச்சரிவுகளில் பெரும்பாலானவை 35 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. அடி நனைந்த பலகைக்கு அதைவிடத் தட்டையான சாய்வும் போதும்.

ஐந்தாம் படி: போகும் வழியில் மலை சொல்வதைக் கேட்பது

பாறைக்கு அடியிலிருந்து சிறு பனியுருண்டைகள் சுருண்டு ஓடி, பின்னால் கோடு போட்டுக்கொண்டு வந்தால் மேற்பரப்பு ஈரமாகிவிட்டது. உருண்டை எலுமிச்சை அளவில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கார்ச் சக்கரம் போல வளர்ந்தால் நேரம் முடிந்தது. அதே திசை பார்த்த பக்கத்துச் சாய்வில் இன்று புதிதாக ஏதாவது விழுந்திருந்தால் வேறு சான்று தேவையில்லை. கால் வைக்கும்போது "உம்ஃப்" என்று தரையே உட்காருவது போல் ஓசை வந்தால், ஸ்கீயின் முன்னால் விரிசல் ஓடினால், அடியில் நொய்ந்த அடுக்கு உடைகிறது. அந்தத் திசையிலும் உயரத்திலும் உள்ள 30 டிகிரிச் சாய்வுகள் அன்று முழுவதும் உங்களுக்கில்லை.

ஏப்ரல் பனிப்பொழிவுக்குப் பிந்தைய முதல் வெயில் நாள் தனி வகை. 30 செ.மீ. புதுப்பனி வழுவழுப்பான பழைய பொருக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் சூரியனின் உயரம் ஆகஸ்ட் மாதத்தினுடையதற்குச் சமம். காலை எட்டு மணிக்குள்ளேயே உதிர்சரிவுகள் கிளம்பலாம். நீல வானமும் வெண்பனியும் எல்லோரையும் மலைக்கு இழுக்கும் நாளும் அதுவே. அன்று வடக்கு, மிதமான சாய்வு, சீக்கிரத் திரும்பல்.

முகடுகளில் காற்று கட்டிய பனி இறவாரம், வீட்டு இறவாரம் போலவே சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெப்பத்தில் அது தளர்ந்து, எதிர்பார்த்ததைவிட உள்ளே தள்ளி உடையும். அதன் மேலும் நடக்க வேண்டாம், அடியிலும் நிற்க வேண்டாம். பனியாற்றில் பிளவுகளின்மேல் உள்ள பனிப்பாலங்களும் பகலேற வலுவிழக்கும். காலையில் தாங்கியது மதியம் தாங்காது, கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது குழி தோண்டுவது

நனைந்த தெற்குச் சாய்வில் குழி தோண்டி, தட்டிப் பார்க்கும் சோதனைகளில் நேரம் செலவிடுவதில் பயன் குறைவு. ஈரப்பனியில் பலம் மணிக்கு மணி மாறும். பத்து மணிக்குக் கிடைத்த முடிவு பதினொன்றுக்குச் செல்லாது. வடக்கு பார்த்த, இன்னும் உலர்ந்த, உயரமான சாய்வில் குழி பேசும். சாய்வின் குறுக்கே 90 செ.மீ., சாய்வின் போக்கில் 30 செ.மீ. கொண்ட பாளத்தை நான்கு பக்கமும் விடுவித்து, ஒரு ஓரத்தில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுங்கள். விரிசல் ஒரே தட்டில் அல்லது அடுத்த தட்டில் பாளத்தின் மறுகோடி வரை ஓடினால் அந்தச் சாய்வு பரவும் தன்மையுள்ளது. ஓடாவிட்டால் பாதுகாப்பு என்று பொருளல்ல. அந்த ஒரு இடத்தில் ஓடவில்லை, அவ்வளவே.

குழி தோண்டியதோடு வெப்பமானியையும் செருகுங்கள், பத்து செ.மீ.க்கு ஒருமுறை. மேலிருந்து கீழ்வரை மைனஸ் காட்டினால் இன்னும் குளிர்காலம். மேல் பாதி 0, கீழே மைனஸ் 1 என்று இருந்து, அடியில் ரவை அடுக்கும் இருந்தால், நீர் அதைத் தொடப்போகும் நாள் நெருங்கிவிட்டது. அடுத்த நான்கைந்து நாள் அந்தத் திசையை விட்டுவிடுங்கள், குறிப்பாக இரவில் மேகம் மூடினால்.

இறங்கும்போது, தவறினால்

முதலில் செங்குத்தான பகுதியை ஒவ்வொருவராக. நிற்கும் இடம் மேட்டில், வீழ்பாதைக்கு வெளியே. ஈரமாகிவிட்ட சாய்வில் உங்கள் திருப்பங்களே மேற்பரப்பைத் தள்ளிக் கிளப்பும். அது உங்களுக்குக் கீழே போக வேண்டும், மேலே இருந்து வரக்கூடாது. ஒரே பள்ளத்தில் தொடர்ந்து இறங்காமல் ஓரமாக விலகி, தள்ளிய பனி போகும்வரை நில்லுங்கள். பொருக்கு உடைந்து ஸ்கீ மூழ்கத் தொடங்கினால் அந்தத் திசை அன்றைக்கு முடிந்தது: தட்டையான முகட்டுக்குப் போங்கள், அல்லது நிழலான திசைக்கு மாறுங்கள்.

ஒவ்வொருவர் உடம்பிலும் 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன். பையில் 240 செ.மீ.க்குக் குறையாத துழாவுகோலும் உலோக ஷவலும். கைபேசி, மின் கையுறை போன்றவை அனுப்பும் நிலையில் பீக்கனிலிருந்து 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. விலகியிருக்க வேண்டும். புறப்படும்போது ஒருவர் நின்று, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோகும் பீக்கன் சோதனையைத் தவிர்க்காதீர்கள். புதைந்தவரை முதல் 10 நிமிடத்தில் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள், பிறகு அது செங்குத்தாகச் சரிகிறது. ஈரப்பனி நின்ற உடனே இறுகும், காற்று நுழையாது, தோண்டுவதும் கடினம். துழாவுகோலைச் சாய்வுக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில் சுருளாகக் குத்துங்கள்; பட்டதும் அதைப் பிடுங்காமல், கீழ்ப்பக்கத்திலிருந்து கிடையாகத் தோண்டுங்கள். ஆளுக்கு நேர் மேலே நிற்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் ரேகா ஹெலிகாப்டருக்கு 1414, வாலேயில் 144, மற்ற ஐரோப்பாவில் 112.

வசந்தத்தில் ஆளைக் கொல்வது சரிவு மட்டுமல்ல. 2018 ஏப்ரல் 29 இரவு பீன் தரோலா மலையில் புயலில் மாட்டிய ஸ்கீ டூர் குழுவினரில் ஏழு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குளிரால். தங்கவேண்டிய குடில் பக்கத்தில்தான் இருந்தது. ஃபிர்ன் காலத்திலும் கூடுதல் மேலாடை, இரவுப் பை, திசைகாட்டி இவற்றின் எடையைச் சுமக்கத்தான் வேண்டும்.

குடிலுக்குத் திரும்பியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் குறித்து வையுங்கள்: எந்தத் திசையில், எந்த உயரத்தில், எத்தனை மணிக்குக் கால் முதலில் உடைத்துக்கொண்டு இறங்கியது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் மாலை புறப்படும் நேரத்தைக் கணக்கிட, எந்தச் செயலியையும்விட இந்த நான்கு எண்கள் உதவும்.